கையை ஒளிக்காதை

"எல்லாப் பாட்டையும் பாடு, நான் மறிக்கேல்லை. அந்தக் கைப் பாட்டை மட்டும் பாடாதை."

மரியதாஸ் தன் மனைவி செல்வராணியிடம் இதைச் சொன்னது ஒரு திங்கட்கிழமை, மத்தியானச் சோற்றுக்கு முன்னால்.

திங்கட்கிழமை என்றால் உங்களுக்கு வேலை தொடங்குகிற நாள். எண்பதுகளில் பனிமலை ஊரான இன்டர்லாக்கனில் ஹொட்டேல் குசினிகளில் நின்ற எங்கள் சனத்துக்கு அதுதான் ஞாயிறு. சனி, ஞாயிறில் வெள்ளைக்காரர் குடும்பத்தோடு சாப்பிட வருவார்கள். திங்களில் கதவு பூட்டு. ஆகையால் பிறந்தநாளோ, அந்தோனியாருக்கு நேர்த்தியோ, கலியாணப் பேச்சோ, சண்டையோ, சமாதானமோ, எதுவானாலும் அந்த ஊர்த் தமிழருக்குத் திங்களில்தான் நடக்கும். மரியதாஸும் ஒரு கிழமையாக வாய்க்குள் அடக்கியிருந்த கதையை அன்றைக்குத்தான் வெளியே விட்டான்.

செல்வராணி அடுப்படியில் நின்றாள். ஹொட்டேலின் பின்கட்டிடத்தில், கூரைக்குக் கீழே ஓர் அறையும் ஒரு மின்னடுப்பும் அவர்களுடையவை. கூரை சாய்ந்து இறங்குவதால் சட்டியைக் கிளறும்போது நிமிரலாம், இறக்கும்போது குனிய வேண்டும். சட்டியில் பக்கத்துத் துன் ஏரியில் பிடித்த மீன். குருநகர்க் கடற்கரையில் பிறந்தவளுக்கு ஏரி மீன் ஒரு மீனே அல்ல, உப்பென்றால் என்னவென்று அறியாத பிறவி. அதற்குப் பழப்புளியை இரண்டு பங்கு விட்டு, தேங்காய்ப்பால் இல்லாத குறைக்குப் பாலாடை ஊற்றி, ஊரிலிருந்து வந்த தூளைப் போட்டு அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வெளியே சூட்டுக்காற்று. மலைக்கு அப்பாலிருந்து அந்தக் காற்று இறங்கினால் பனிமலைகள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்து நிற்கும், ஊரில் பாதிப்பேருக்குத் தலையிடிக்கும்.

"ஏன், பாட்டு நல்லாயில்லையோ?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"நல்லாயிருக்கிறபடியாத்தான் சொல்லுறன். ஒருக்காக் கேட்ட சனம் மறக்காது."

அவன் அதைச் சொல்லும்போது இரண்டு கையும் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் இருந்தன. தமிழர் கூடும் இடத்தில் மரியதாஸின் கையை யாரும் கண்டதில்லை. சேர்ச்சில் பூசை நேரத்தில் மட்டும் எடுப்பான், அதுவும் கூப்புகிற அளவுக்கு. கடலில் வலை இழுத்துக் காய்ந்த கை அது. உப்பும் கயிறும் ஒன்றும் செய்யவில்லை. இங்கே ஹொட்டேலில் கோப்பை கழுவுகிற சவுக்காரத் தண்ணீர் ஒரே மாரிகாலத்தில் அதை வெடிக்கப் பண்ணிவிட்டது. விரல் மடிப்புகளெல்லாம் பிளந்து, உப்புத்தாள் போலச் சொரசொரத்துப் போயிருந்தன.

அந்தக் கையைப் பற்றித்தான் செல்வராணி பாட்டுக் கட்டியிருந்தாள்.

ஊரிலே மரியதாஸின் தாய் இருந்தாள். எழுத்து வாசிக்கத் தெரியாது. அதனால் அந்தக் காலத்து வழக்கப்படி கசெற்றில் கதைத்து, கொழும்புக்குப் போகிற ஆட்களிடம் கொடுத்து விடுவார்கள். முதல் கசெற்றிலேயே மரியதாஸ் சொல்லிவிட்டான்: "அம்மா, நான் ஒரு பெரிய ஹொட்டேலில சுப்பவைசர். எனக்குக் கீழ பதினைஞ்சு பேர்." தாய் அந்தக் கசெற்றைக் கடற்கரையில் வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினாள் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு பதினைந்து பேரையும் அவனால் வேலையிலிருந்து நிறுத்த முடியவில்லை.

"பாட்டு கசெற்றில போகும், ராணி. எல்லாம் ஊருக்குப் போகுது. அம்மான்ர காதுக்குப் போனா?"

"பேர் சொல்லேல்லையே."

"'என்ர மனிசன்ர கை' எண்டு நீ பாடினா, உனக்கு எத்தினை மனிசன்?"

செல்வராணிக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "உங்கட பேரை ஒரு நாளும் சொல்லமாட்டன். ஆனா பாடமாட்டன் எண்டு மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதேங்கோ. அந்தப் பாட்டு ஒண்டுதான் முழுக்க என்ர."

அது ஏன் அப்படி என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

குருநகரில் செல்வராணியின் தகப்பனிடம் ஒரு றேடியோ இருந்தது. கடலுக்குப் போகிறவர், பின்னேரம் காலநிலை அறிக்கை கேட்க அது வேண்டும். அறிக்கை முடிந்தபின் மனிசன் சுருட்டைப் பற்றவைப்பார், முள்ளைத் திருப்ப மறந்து போவார். கொழும்பின் ஆங்கில ஒலிபரப்பு அப்படியே ஓடும். அதில் அமெரிக்காவின் மாட்டுக்காரரும் லொறிக்காரரும் பாடுகிற கன்ட்ரிப் பாட்டுகள் வரும். சிற்றலையில் வருகிற சத்தம் கடல் மாதிரித்தானே. பாட்டு பெரிதாக எழும்பும், பிறகு மங்கி மங்கித் தூரப் போகும், போய்விட்டது என்று நினைக்கும்போது திரும்பி வரும். மங்குகிற நேரத்தில் வீடே றேடியோவை நோக்கிக் குனியும். தாய் அரிக்கிற அரிசியை நிறுத்துவாள். செல்வராணி தமையனின் பழைய கிற்றாரில் மூன்றே மூன்று விரற்பிடிகளைப் பழகிக்கொண்டு, அந்தப் பாட்டுகளை வந்தபடியே பாடிப் பழகினாள். குரலை எழுப்பினாள், மங்கவிட்டாள், தூரத்துக்கு அனுப்பிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். அமெரிக்கர் அப்படித்தான் பாடுவார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். குருநகரில் அதைப் பிழை என்று சொல்ல யார் இருந்தார்கள்?

எண்பத்தைந்தில் புருசனும் பெண்சாதியுமாக இன்டர்லாக்கனுக்கு வந்து சேர்ந்தார்கள். அவனுக்குக் கோப்பை, அவளுக்கு நிலவறையில் துணி. படுக்கை விரிப்புகளைச் சுடச்சுட உருளையில் விட்டு எடுத்து மடிக்கிற வேலை. மத்தியானச் சாப்பாடு முடிந்து இராச் சாப்பாடு தொடங்குமட்டும் ஹொட்டேல் ஆட்களுக்கு ஓய்வு உண்டு. அதை அங்கே 'சிம்மர்ஷ்டுண்டே' என்பார்கள், அறைக்குப் போய்ச் சாய்கிற நேரம். மற்றவர்கள் சாய்ந்தார்கள். செல்வராணி வேறொரு பெண் விட்டுப்போன கிற்றாரை எடுத்துக்கொண்டு, சூடு ஆறாத அந்த நிலவறையில் விரிப்பு மூட்டைகளின் மேல் இருந்து பாடினாள். நிலவறையின் யன்னல் தெருமட்டத்தில் இருந்தது. பால் லொறி ஓட்டிவருகிற வெர்னர் என்ற பெரிய உடம்புக்காரன் ஒரு நாள் முழங்காலில் நின்று அந்த யன்னலுக்குள் தலையை விட்டான்.

வெர்னர் லொறிக்காரன் மட்டுமல்ல, மடியில் கிடத்தி வாசிக்கிற ஸ்டீல் கிற்றாரும் வாசிப்பான். அவன்தான் அவளைத் துன் நகரத்தில் 'சலூன்' என்ற குடிக்கடைக்குக் கூட்டிப்போனவன். ரோபி என்பவன் பழைய குதிரைலாயம் ஒன்றை அமெரிக்கக் குடிக்கடை போல மாற்றி, கதவுக்குக் கதவு மாட்டுக்கொம்பு மாட்டி வைத்திருந்தான். கிழமையெல்லாம் உண்மையான மாட்டோடு மல்லுக்கட்டுகிற மலைப்பக்கத்துக் கமக்காரர் ஓய்வு நாளில் அகலத் தொப்பியும் முள்ளுச் சப்பாத்தும் போட்டு அங்கே வருவார்கள். முதல் நாளே செல்வராணி கூட வந்த மரியதாஸின் காதுக்குள் சொன்னாள்: "சொந்தமா மாடு வைச்சிருக்கிறவை மாட்டுக்காரன்ர வேசம் போடுகினம் பாருங்கோ."

முதல் ஒத்திகையில் வெர்னர் பாதியில் நிறுத்தினான். உன் குரல் ஏன் கதவைத் திறந்து வெளியே போய்விட்டு வருகிறது என்று கேட்டான். அதுதானே முறை என்றாள் அவள். அவன் ஓர் இசைத்தட்டை எடுத்துப் போட்டான். அவள் சின்ன வயதில் படித்த அதே பாட்டு. குரல் மங்கவில்லை. எங்கேயும் போகவில்லை. தொடக்கத்திலிருந்து கடைசிவரை கம்பு போல நேரே நின்றது. பாட்டோடு சேர்த்து ஆகாயத்தின் குழப்பத்தையும் பாடமாக்கி வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

ஒரு கிழமை வெட்கத்தில் பாடவில்லை. பிறகு நேராகப் பாடிப் பார்த்தாள். வேறு யாருடையவோ உடுப்பைப் போட்டது போல் இருந்தது. அடுத்த புதன்கிழமை சலூனில் ஏறி, பழையபடி மங்கவிட்டே பாடினாள். மங்கின இடத்தில், குடித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கிளாசை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்தார்கள். அதைக் கண்டபின் அவள் யாரிடமும் முறை கேட்கவில்லை. அடுத்தடுத்து ஆங்கிலத்தை விட்டுவிட்டு அதே மெட்டுப்போக்கில் தமிழில் தானே கட்டத் தொடங்கினாள். விரிப்பைப் பற்றி ஒன்று, ஏரி மீனைப் பற்றிப் பகிடியாக ஒன்று, கடைசியாக, மெட்டையும் இரவல் வாங்காமல், கைப் பாட்டு. தமிழ் விளங்காத கமக்காரர் அந்த ஏரி மீன் பாட்டுக்கு மேசையில் தட்டிச் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்கும் விளங்காது. மூன்று வருசத்துக்குள் ஏரிக்கரை ஊர்களில் நிலவறை ராணி என்றால் தெரியும் என்ற அளவுக்கு வந்திருந்தாள்.

இனித் திங்கட்கிழமைக்கு வருவோம். சோறு போடுகிற நேரம் கதவில் தட்டுக் கேட்டது. துன்னிலிருந்து தம்பித்துரை அண்ணை வந்திருந்தார். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்தார். அங்கே ஏரிக்கரை உணவகமொன்றில் வேலை. தன்னை 'மனேச்சருக்கு அடுத்த ஆள்' என்று சொல்லிக்கொள்வார். தமிழர் சங்கத்து விழாக்களுக்கும் அவர்தான் ஓடித்திரிகிறவர். நல்ல மனிசன், யாருக்குச் சுகமில்லை என்றாலும் முதலில் போய் நிற்பார். மீன் குழம்பைப் பிசைந்துகொண்டு கதையைத் தொடங்கினார்.

"தங்கச்சி, பேர்ணில மார்கழியில எங்கட கலைவிழா. நீ பாட வேணும். உன்ர குரலை நாங்கள் விட்டிட்டிருக்கிறது சரியில்லை."

"பாடுறன் அண்ணை. அதுக்கென்ன."

"பாடுவாய், எனக்குத் தெரியும். ஆனா இந்தத் துணி, கோப்பை, கை, உதுகள் வேண்டாம். பக்திப் பாட்டு ரெண்டு, ஊர்ப் பாட்டு ரெண்டு. உந்தக் குரலை இழுத்து இழுத்து விடுறதும் வேண்டாம், மைக் பழுது எண்டு சனம் நினைக்கும்."

மரியதாஸ் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோப்பை கழுவுறதில என்ன அண்ணை வெக்கம்?" என்றாள் செல்வராணி.

"கழுவுறதில வெக்கமில்லை, பிள்ளை. பாடுறதிலதான் வெக்கம். ஊரில எங்களை என்னெண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம்? சண்டைக்குள்ள கிடக்கிற சனம், நாங்கள் நல்லா இருக்கிறம் எண்ட ஒரு நிம்மதியிலதான் இருக்குது. அதையும் பறிக்கப் போறியோ?"

அது சும்மா தள்ளிவிடக்கூடிய பேச்சு இல்லை. செல்வராணி அவருடைய தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். பிறகு கேட்டாள்: "அண்ணை, போன வருசம் நீங்கள் சிவப்புக் காருக்குப் பக்கத்தில நிண்டு படமெடுத்து ஊருக்கு அனுப்பினனீங்கள். அது ஆற்றை கார்?"

தம்பித்துரை அண்ணை முள்ளை எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தார். "எங்கட பெரிய குக்கின்ர."

"அந்தப் படத்தைப் பாத்துத்தானே உங்கட தங்கச்சியின்ர மாப்பிளை பகுதி சீதனத்தைக் கூட்டிக் கேட்டது. நாங்கள் இஞ்ச நல்லா இருக்கிறம் எண்டு பொய் சொல்லச் சொல்ல, அங்க எங்களிட்டை இல்லாததைத்தான் கேக்கினம். கையைக் காட்டினாக் கொஞ்சம் யோசிச்சுக் கேப்பினம்."

"உன்ர வாய்க்கு நான் ஆளில்லை" என்று அவர் சிரித்து எழும்பினார். ஆனால் படியிறங்கும்போது மரியதாஸின் தோளில் கைபோட்டு, இது உன்னுடைய மானமும்தான் தம்பி, யோசி என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அன்று பின்னேரம் புருசனும் பெண்சாதியும் காற்று வாங்க வெளிக்கிட்டார்கள். ஆற்றங்கரையில் நடந்து போனார்கள், முன்னும் பின்னுமாக.

அந்தப் புதன்கிழமை சலூனில் ரோபியும் தன் பங்குக்கு வந்தான். ஞாயிறு பின்னேரம் துன் நகரத்துச் சந்தை மண்டபத்தில் பெரிய கன்ட்ரி விழா, நாலு பக்கமிருந்தும் லொறிக்காரர் வருகிறார்கள், வானொலிக்காரரும் வரலாம். செல்வராணிக்கு அதில் மூன்று பாட்டு என்று முன்பே பேச்சு. இப்போது அவன் ஒரு பெரிய பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே அமெரிக்கச் செவ்விந்தியத் தலைவர்கள் அணிவது போன்ற இறகுக் கிரீடம், கோழி இறகுக்குச் சாயம் போட்டது. உன் நிறத்துக்கும் முடிக்கும் இது எடுப்பாக இருக்கும், சனம் பார்த்தவுடனே எழும்பும் என்றான். எல்லாரும் அறிந்த ஆங்கிலப் பாட்டு இரண்டு போதும், குரலை நேராக வை, உன் பாஷைப் பாட்டு வேண்டாம் என்றும் சொன்னான். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவளுக்கு ஓர் உதவி செய்வதாகத்தான் நினைத்தான்.

செல்வராணி இறகை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மரியதாஸைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "ஒரு இனத்தில பிறந்து படுற பாடே காணும். இன்னொரு இனத்தின்ர இறகையும் நான் என்னத்துக்குச் சுமப்பான்?"

ரோபி பக்கம் திரும்பித் தலையாட்டி மறுத்து, "நைன்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு அவளுடைய ஜேர்மன் போதுமானதாக இருந்தது.

ரயிலில் திரும்பும்போது மரியதாஸ் பயந்துபோய் இருந்தான். ரோபியும் ஹொட்டேல் குசினித் தலைவனும் சேர்ந்து சீட்டு விளையாடுகிறவர்கள். ஒரு சொல் போனால் போதும், கோப்பையும் இல்லாமல் போகும். அகதி விசாரணை இன்னும் முடியவில்லை. வேலையில்லாதவனை அங்கே யார் மதிப்பார்கள்?

"இறகையாவது போடன்" என்றான். "ஒரு பின்னேரம்தானே. எங்களை ஆர் பாக்கப் போகினம்."

"நீங்கள் கையை ஒளிக்கிறியள், நான் தலையை ஒளிக்க வேணுமோ?" என்றாள் அவள். யன்னலுக்கு வெளியே ஏரி இருட்டிக்கொண்டு வந்தது. அதன் பிறகு துணைக்கு வருகிறேன் என்றும் அவன் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் எழும்பியபோது, கிற்றார்ப் பெட்டியை அவன் கதவடிக்குக் கொண்டுவந்து வைத்திருந்தான். வேறு ஆட்களோடு வேலையை மாற்றிக்கொண்டானாம். அவளைத் தனிய அனுப்புகிற வழக்கம் அவனிடம் ஒரு நாளும் இருந்ததில்லை.

மண்டபம் நிறைந்து கிடந்தது. வெளியே வரிசையாக லொறிகள், உள்ளே தொப்பிகள், சுட்ட சொசேஜ் மணம், வெங்காய மணம், பியர் மணம். மேடைக்கு இடப்பக்கம் ஒரு தொங்கு கதவு குசினிக்குள் போனது. செல்வராணி மேடையோரம் தன் முறைக்குக் காத்து நின்றபோது அந்தக் கதவு திறந்து மூடியது. உள்ளே ஆவிக்குள் நான்கைந்து கறுத்த தலைகள் குனிந்து நின்றன. அன்றைய சாப்பாட்டை அந்த ஏரிக்கரை உணவகம்தான் எடுத்திருந்தது. றப்பர் அங்கியோடு, முழங்கை வரை நுரையோடு, தட்டு அடுக்கைத் தூக்கிக்கொண்டு கதவடியில் வந்து நின்றவர் தம்பித்துரை அண்ணை.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்டார்கள். அவர் தட்டு அடுக்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை அசைத்தார். அதட்டல் இல்லை அது. கெஞ்சல். அவரைச் சிறுமைப்படுத்த அவளுக்கு மனமில்லை. நான் உங்களைப் பாடவில்லை அண்ணை என்று சொல்ல வழியிருந்தால் சொல்லியிருப்பாள். கதவு மூடியது.

மேடையில் ரோபி அவளை அழைத்தான். பெரிய சத்தத்தோடு, இறகைப் பற்றிய பகிடியோடு அழைத்தான். ஏனென்றால் அவள் கிரீடத்தைப் போட்டுக்கொள்வாள் என்று அவன் கடைசிவரை நம்பியிருந்தான். செல்வராணி நிலவறையில் வேலை செய்கிற நீல மேலங்கியோடு ஏறினாள். முடியை வேலைக்குப் போகிறபோது முடிகிற மாதிரியே முடிந்திருந்தாள். இரண்டு ஆங்கிலப் பாட்டும் பாடினாள், மங்கவிட்டுத்தான். சனம் கைதட்டியது, அரைகுறையாக. மூன்றாவதுக்கு அவள் வெர்னரைத் திரும்பிப் பார்த்தாள். எந்தப் பாட்டு என்று அவனுக்கு விளங்கிவிட்டது. ஸ்டீல் கம்பியில் ஒரு நீண்ட இழுவை இழுத்தான்.

*என்ர மனிசன்ர கையைப் பார்,*
*கடலுக்குப் பயப்பிடாத கை,*
*சவுக்காரத்தில வெடிச்ச கை.*
*ஆரோ திண்ட கோப்பையை எல்லாம்*
*நிலவு மாதிரி மினுக்கின கை.*

முதல் அடி முடிவதற்குள் ரோபி மேடையோரத்திலிருந்து கையை வெட்டிக் காட்டினான். தபேலா போல ஓடிக்கொண்டிருந்த ட்ரம்ஸ் நின்றது. பேஸ் கிற்றார்க்காரன் கையெடுத்தான். பிறகு மைக்கே செத்தது. பெரிய மண்டபத்தில் அவளுடைய குரல் திடீரென்று ஒரு சின்ன வீட்டுக் குரலாகிவிட்டது. வெர்னர் ஒருவன்தான் விடாமல் இழுத்துக்கொண்டிருந்தான். ஆனால் அவனுடைய கருவியும் மின்சாரத்தில் பேசுவது, அதன் வயரையும் பிடுங்கினார்கள். சனம் நிகழ்ச்சி முடிந்தது என்று எண்ணி பியர் எடுக்க எழும்பத் தொடங்கியது. கதிரைகள் இழுபட்டன.

செல்வராணி நிறுத்தவில்லை. குரல் மங்குவது அவளுக்குப் புதிதா? மங்கினால் திரும்பி வரும் என்று சின்ன வயதிலிருந்தே பழகினவள். கிற்றாரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேடையின் விளிம்புக்கு வந்தாள். ஆனால் சனம் போய்க்கொண்டிருந்தது.

அப்போது மண்டபத்தின் நடுவிலிருந்து ஒரு தட்டுக் கேட்டது.

டக்-டக். டக். டக்-டக். டக்.

நீளமான மரமேசையில் யாரோ உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார்கள். தாளம் மாதிரி இருந்தது, ஆனால் அது எந்தப் பாட்டுக்காரனின் தாளமும் அல்ல. குருநகர்ப் பக்கத்தில் வலையை வளைத்துப் போட்டபின் வள்ளத்தின் பலகையில் இப்படித்தான் தட்டுவார்கள். அந்தத் தட்டு தண்ணீருக்குள் இறங்கி, ஓடப்போகிற மீனைத் திருப்பி வலைப்பக்கம் விரட்டும். அதை முன்பே கேட்டு அறிந்தவள் அந்தக் கூட்டத்தில் மேடையில் நின்ற ஒருத்திதான்.

மரியதாஸ் எழுந்து நின்றான். இரண்டு கையும் மேசை மேல். பக்கத்து மேசை லொறிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் அவனை, பிறகு அவன் கையை. வெடிப்புகளில் இரத்தம் கசிந்து மேசையில் புள்ளி விழுந்ததை அவர்கள் கண்டார்கள். எழும்பியவர்கள் நின்றார்கள். ஒரு கிழவன் தொப்பியைக் கழற்றினான், ஏனென்று அவனுக்கே தெரிந்திருக்காது. பாட்டின் சொல் ஒன்றும் அவர்களுக்கு விளங்கவில்லை. எதைப் பற்றிய பாட்டு என்பது மட்டும் அந்தக் கணத்தில் யாருக்கும் விளங்காமல் போகவில்லை.

*ஒளிக்காதை, ஒளிக்காதை,*
*பொக்கற்றுக்குள்ள ஒளிக்காதை.*
*கடல் கண்ட கையைக் கண்டு*
*வெக்கப்பட ஆர் இருக்கினம்?*

அவள் குரலை எழுப்பி, வேண்டுமென்றே மங்கவிட்டாள். தூரத்துக்கு அனுப்பினாள். மண்டபம் முழுவதும் முன்னால் குனிந்தது, குருநகர் வீடு குனிந்தது போல. திரும்பக் கூப்பிட்டாள். வெர்னர் மேடைப்பலகையில் காலால் தட்டத் தொடங்கினான். பிறகு நாலு மேசை, பிறகு எல்லா மேசையும். குசினியின் தொங்கு கதவை உள்ளேயிருந்து ஒரு நுரைக்கை தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டு நின்றது. பாட்டு முடியும்வரை அந்தக் கதவு மூடவில்லை.

ரோபி பிறகு அவளைக் கூப்பிடவேயில்லை. இறகுக் கிரீடத்தை வேறொரு பெண் போட்டாளாம். குசினித் தலைவன் இரண்டு கிழமை முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தான். ஆனால் கோப்பை கழுவ அவனுக்கு மரியதாஸை விட்டால் ஆள் கிடைக்கவில்லை, பேசாமல் இருந்துவிட்டான். வின்டர்தூரிலிருந்து லொறிக்காரர் சங்கமொன்று வெர்னரைப் பிடித்து, அந்த மேசை தட்டுகிற ஆளையும் கூட்டிக்கொண்டு வா என்று கேட்டது. அதன் பின் பல வருசம், மழையிலும் பனியிலும், பால் லொறியின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருங்கி இருந்து ஊரூராகப் போனார்கள். எங்கே போனாலும் நீல மேலங்கிதான். குரலை நேராக வைக்கச் சொன்ன இடங்களுக்கு அவள் இரண்டாம் தரம் போனதில்லை.

பேர்ண் கலைவிழாவுக்கு அழைப்பு வரவில்லை. ஆனால் ஒரு திங்களில் தம்பித்துரை அண்ணை வந்தார், கழுத்துப்பட்டி இல்லாமல். வாசலிலேயே நின்றுகொண்டு, "உன்ர கசெற்றில ஒண்டு தா பிள்ளை" என்றார். "விழாவுக்கில்லை. பெடியள் குசினியில போட்டுக் கேக்கினமாம்." செல்வராணி எடுத்துக் கொடுத்தாள். இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கோ அண்ணை என்றாள். அன்றைக்கும் ஏரி மீன்தான்.

வெர்னர் அந்த ஞாயிறன்று சின்ன றெக்கோடரில் பிடித்து வைத்ததுதான் அந்தக் கசெற். மைக் செத்தது, கதிரை இழுபட்டது, மேசைத் தட்டு, எல்லாம் அதில் இருந்தன. முதல் பிரதியை மரியதாஸ் எடுத்தான். மறுபக்கத்தில் தானே கதைத்தான். செல்வராணி பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் மரியதாஸ். சுப்பவைசர் எண்டு சொன்னது பொய். எனக்குக் கீழ ஒருத்தரும் இல்லை. கோப்பை கழுவிறன். மற்றப் பக்கத்தில ராணி பாடுறாள், அது என்ர கையைப் பற்றின பாட்டு. விருப்பமெண்டா வீடு வீடாக் கொண்டுபோய்ப் போடுங்கோ."

ஊரில் அப்போது ஊரடங்கும் சுற்றிவளைப்பும். பதில் வர பாஸ்குத் திருநாளும் தாண்டிவிட்டது. அறையில் சாய்ந்த கூரைக்குக் கீழே இரண்டு பேரும் நிலத்தில் இருந்து றெக்கோடரைத் தட்டிவிட்டார்கள். வெகுநேரம் இரைச்சல் மட்டும் வந்தது. சேவல் ஒன்று கூவியது. பிறகு கிழவியின் குரல், பக்கத்து வீட்டை எழுப்புகிற சத்தத்தில்.

"தம்பி, போட்டுக் கேட்டம். எல்லா வீட்டிலயும் போட்டுக் கேட்டம். கைக்குத் தேங்காயெண்ணெய் பூசமாட்டியோ? அங்க எண்ணெயும் இல்லையோ? பதினைஞ்சு பேரெண்டு நீ சொன்னண்டைக்கே எனக்குத் தெரியும், நீ வீட்டில ஒரு பூனையைக் கூட வேலை வாங்கினதில்லை." கொஞ்சம் இருமினாள். "பாட்டுக்குள்ள பலகை தட்டிறது நீயெண்டு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. உன்ர அப்பன்ர தட்டு. அவர் தட்டினா வளைச்ச வலையில ஒரு மீன் வெளிய போகாது. நீ தட்டினதுக்கு அந்தச் சனம் என்ன செய்தது? வலைக்குள்ள வந்ததோ, தப்பி ஓடிட்டுதோ? அதைச் சொல்லேல்லையே நீ."

கசெற் ஓடி முடிந்து தானாக நின்றது. மரியதாஸ் றெக்கோடரைப் பார்த்தபடியே இருந்தான். பிறகு, எதிரே தாய் இருப்பது போல, இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு சொன்னான்.

"ஒண்டும் தப்பேல்லை, அம்மா."